பள்ளத்தில் இருந்தவள்

பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. கிரேன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இரண்டு ஆண்கள் கயிறு கட்டி இறக்குகிற கியர் பாக்ஸை அவள் மார்போடு அணைத்துத் தனியாக இறக்கிவிடுவாள். கிரீஸ் பட்டுச் சிக்கு விழுகிறது என்று முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். உடம்பில் ஏதோ சுரப்புக் கோளாறு. இருபது வயதிலிருந்தே உதட்டுக்கு மேல் பூனை மயிர் கறுத்து மீசையாகத் தெரியும். குரலும் கட்டை. போனில் பேசினால் மறுமுனையில் "சொல்லுங்க சார்" என்பார்கள். அவளும் திருத்தாமல் பேசிவிட்டு வைத்துவிடுவாள்.

கணவன் அவள் தோள் உயரம்தான். லேடீஸ் டெய்லர். பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு தையல் மெஷின் மட்டும் கொள்ளும் அளவுக்குக் கடை. இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம், "ஆண்டவன் அளவு மாத்தித் தைச்சுட்டான்பா" என்பார்கள். "பிரிச்சுத் தைக்கிற உத்தேசம் இல்லீங்க" என்பான் அவன், சிரித்துக்கொண்டே.

டெப்போவில் பஸ் கழுவுகிற வேலைக்கு ஒரு திருநங்கை சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேலை செய்யும்போதெல்லாம் விசில் அடித்துக்கொண்டே இருப்பாள் என்பதால் மைனா என்று பெயர் விழுந்துவிட்டது. முதல் நாளே கிரேனிடம் வந்து அவள் காலைப் பார்த்து, "அக்கா, இந்த ஷூ எந்தக் கடைல கிடைச்சது? லேடீஸ் கடைல என் காலைப் பாத்தா கதவையே சாத்திடறாங்க" என்றாள். கிரேன் கடையைச் சொன்னாள். மறுவாரம் மைனாவின் காலிலும் அதே கறுப்பு ஷூ. அதற்கு மேல் அவர்களுக்குள் பெரிய பேச்சு வார்த்தை இருந்ததில்லை.

டெப்போவில் பெண்கள் ஆறு பேர். பட்டறைக்குப் பின்னால் அவர்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை. மைனாவும் அங்கேதான் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் அலுவலகத்துக் கிளார்க் அம்மா ஒரு காகிதத்தோடு வந்தாள். மைனாவைப் பெண்கள் கழிப்பறைக்குள் விடக்கூடாது என்று மேனேஜருக்கு மனு.

"நீயும் ஒரு பொம்பளதானே கிரேன். ஒரு கையெழுத்து போடு."

நீயும் ஒரு பொம்பளதானே. அந்த வார்த்தைதான் வேலை செய்தது. முப்பத்தெட்டு வயதுவரை அவள்தான் எல்லோரிடமும் அதைச் சொல்லி நிரூபித்துக்கொண்டிருந்தாள். கேட்காமலே ஒருத்தி அவளைப் பெண்கள் வரிசையில் சேர்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. கிரேன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மைனா அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை என்பது போட்டு முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஐந்தோடு ஆறு என்று விட்டுவிட்டாள்.

மேனேஜர் நோட்டீஸ் ஒட்டினார். மைனா ஆண்கள் பக்கம் போகவேண்டும். அவள் ஒரே ஒரு தடவை போனாள். உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து தாழ் போட்டுவிட்டுக் கதவைத் தட்டித் தட்டி அரை மணி நேரம் சிரித்தார்கள். அதன்பிறகு அவள் எங்கேயும் போகவில்லை. வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவள், நாக்கு வறண்டு நின்றாள். விசிலும் நின்றுபோனது.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில் நேரத்தில், அவளால் அடக்க முடியாமல் போயிற்று. பெண்கள் கழிப்பறைக்குள் ஓடிப் போய்விட்டுத் திரும்பினாள். டயர்காரர் அதைப் பார்த்துவிட்டார். டயர் கழற்றி மாட்டுகிற பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. இருபது வருட அனுபவம், சங்கத்திலும் செல்வாக்கு.

அப்போது கிரேன் பள்ளத்தில் இருந்தாள். பஸ்ஸை மேலே நிறுத்தி, கீழே ஆள் நின்று வேலை பார்க்கிற சிமெண்டுப் பள்ளம். அங்கிருந்து பார்த்தால் வெளியே தரையும் கால்களும் மட்டும்தான் தெரியும். முதலில் மூன்று ஜோடிக் கால்கள் வந்தன. பிறகு அந்தக் கறுப்பு ஷூக்கள், தரையைத் தொட்டும் தொடாமலும் இழுபட்டு வந்தன.

"போர்டு படிக்கத் தெரியாதா உனக்கு?" டயர்காரரின் குரல்.

"முடியலண்ணே. நெசமா முடியல. இனிமே போகமாட்டேன்."

"அண்ணனா? யாருக்கு யாருடி அண்ணன்?"

பஸ் கழுவுகிற குழாயைத் திறந்தார்கள். சேறு உரிக்கிற வேகத்தில் வரும் தண்ணீர் அது. வெறுங்கையை நீட்டினால் தோல் கன்றிவிடும். அதை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். அலறல் தண்ணீருக்குள் கொப்பளித்தது. ஷூக்கள் வழுக்கின. அவள் விழுந்ததும் ஒரு பூட்ஸ் கால் அவள் வலது கையை மிதித்து, பீடித் துண்டை அணைப்பதுபோல் இப்படியும் அப்படியும் திருப்பியது. எலும்பு உடைந்த சத்தம் தண்ணீர் இரைச்சலையும் மீறிக் கேட்டது. பித்தளை முனை இருந்த குழாயை மடக்கி முதுகில் அடித்தார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சிரித்தான் ஒருவன். பதினொன்றுக்கு மேல் எண்ண மறந்துவிட்டான்.

தரையோடு தரையாக மைனாவின் முகம் பள்ளத்தின் பக்கம் திரும்பியது. மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் சோப்பு நுரையோடு கலந்து பள்ளத்து விளிம்பில் சொட்டியது. கிரேனின் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவே நான்கடி இருக்கும். கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டன.

"அக்கா" என்றாள் மைனா.

கிரேன் தலையை நிமிர்த்தி, ஏற்கெனவே இறுக்கியிருந்த போல்ட்டை மறுபடியும் இறுக்கினாள்.

மைனா வழுக்கி விழுந்துவிட்டதாக மேனேஜர் எழுதினார். "நீ ஏதாவது பாத்தியா?" என்று கிரேனையும் கேட்டார். "நான் அடில இருந்தேன் சார்" என்றாள். பொய்யில்லை. மைனா பிறகு வேலைக்கு வரவில்லை.

அன்று வீட்டில் கிரேனுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் இரண்டு தடவை கேட்ட பிறகு சொன்னாள். அவன், "நீ மேல ஏறி வந்து சும்மா நின்னிருந்தாலே போதும்மா. விட்டுட்டு ஓடியிருப்பானுங்க" என்றான்.

"தெரியும். வந்திருந்தா, 'பாரு, இனம் இனத்தோட சேருது'ன்னு சொல்லியிருப்பானுங்க. இருபது வருஷமா அந்தப் பேச்சுக்குத்தாங்க பயந்துட்டிருக்கேன்."

இரண்டு மாதம் போயிருக்கும். பஸ் நிலையத்தில் ஒரு வண்டி பிரேக் பிடிக்காமல் நின்றுவிட்டது என்று கிரேனை அனுப்பினார்கள். மூன்று மணி நேரம் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து பிரேக் குழாயை மாற்றினாள். எழுந்தபோது காக்கிச் சட்டை, பேண்ட், முகம் எல்லாம் கரி. கை கழுவிக்கொண்டு பெண்கள் கழிப்பறைக்குப் போனாள். எப்போதும் வாசலிலேயே, "நானும் லேடீஸ்தாங்க" என்று சொல்லிவிட்டு நுழைவது வழக்கம். அன்று இருந்த அலுப்பில் சொல்லவில்லை.

ஒரு வாரமாக எல்லோர் போனிலும் ஒரு வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது: பெண் வேஷத்தில் கழிப்பறைக்குள் புகுந்து குழந்தைகளைத் தூக்குகிறார்கள் என்று. கிரேன் உள்ளே நுழைந்தபோது, குழந்தைக்கு முகம் கழுவிக்கொண்டிருந்த ஓர் இளம் பெண் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு வீறிட்டாள். "ஆம்பள! ஆம்பள உள்ள வந்துட்டான்!"

"இல்லம்மா, பயப்படாதே, நான் பொம்பளதான்" என்றாள் கிரேன். அந்தக் கட்டைக் குரலைக் கேட்டு அவள் இன்னும் உரக்கக் கத்தினாள்.

வாசலிலேயே பிடித்துவிட்டார்கள். முடியைப் பிடித்து இழுக்கப் பார்த்தவனின் கைக்கு முடி அகப்படவில்லை. காலரைப் பிடித்து வெளியே இழுத்தான். முதல் அறை காதின்மேல் விழுந்தது. காதுக்குள் கொய் என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு எல்லாம் தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது.

"யாருடா நீ?"

"பொம்பளைங்க. டெப்போ மெக்கானிக். கார்டு இருக்கு, பாருங்க..."

"குரலைப் பாரு. ஒன்பதுடா இது. புள்ளை புடிக்க வந்திருக்கு."

பெல்ட்டைக் கழற்றி ஒருவன் அடித்தான். ஹெல்மெட்டால் ஒருவன் நெற்றியில் அடித்தான். புருவம் பிளந்து ஒரு கண் முழுக்க ரத்தம். கரும்பு விற்கிறவன் கரும்பை எடுத்துக் கொடுத்தான். யாரென்றே தெரியாத ஒரு பெரியவர், கையிலிருந்த பையைக் கீழே பத்திரமாக வைத்துவிட்டு வந்து, அவள் விலாவில் இரண்டு உதை உதைத்தார். கிரேன் திமிறியிருந்தால் நான்கு பேரை எறிந்திருக்க முடியும். ஆனால், "பொம்பளைன்னா காட்டு, பாப்போம்!" என்று ஒருவன் கத்த, பத்துக் கைகள் அவள் சட்டையைப் பிடித்துவிட்டன. பொத்தான்கள் தெறித்தன. கியர் பாக்ஸைத் தூக்குகிற அந்த இரண்டு கைகளும் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கத்தான் ஆயின. தலையைக் காக்க மூன்றாவது கை இல்லை.

சத்தம் சந்துவரை கேட்டது. டெய்லர் எட்டிப் பார்த்தவன், கால்களுக்கு நடுவே அந்தக் கறுப்பு ஷூவைப் பார்த்துவிட்டான். துணி வெட்டிக்கொண்டிருந்தவன் கையிலிருந்த கத்தரிக்கோலோடும் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்போடும் அப்படியே ஓடி வந்தான்.

"விடுங்க! விடுங்கய்யா! அது என் பொண்டாட்டி!"

ஒரு கணம் எல்லோரும் நிறுத்தினார்கள். பிறகு சிரித்தார்கள்.

"இது பொண்டாட்டியா? அப்ப நீ யாருடா இவனுக்கு?"

"கையில கத்தி வெச்சிருக்கான்டா!" என்றான் இன்னொருவன்.

கத்தரிக்கோலைப் பிடுங்கினார்கள். டேப்பைப் பின்னாலிருந்து இழுத்து முறுக்கினார்கள். அவன் நாக்கு வெளியே வந்தது, முழங்காலில் விழுந்தான். விழுந்தவன் எப்படியோ தவழ்ந்து வந்து, குடை விரித்ததுபோல் அவள் தலைமேல் கவிழ்ந்துகொண்டான். அந்தச் சின்ன உடம்பு அவளை எவ்வளவு மறைக்கும்? பெல்ட்டின் இரும்பு பக்கிள் சுழன்று வந்து அவன் இடது கண்ணில் இறங்கியது. அவன் அலறவில்லை. "ம்" என்று ஒரு சத்தம். அதை கிரேன் தன் கன்னத்தில் உணர்ந்தாள்.

அடியை நிறுத்தியது, முதலில் கத்திய அதே பெண்தான். கிழிந்த சட்டைக்குள் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தாள். "ஐயையோ, லேடீஸ்ங்க! நெசமாவே லேடீஸ்! நிறுத்துங்க, நிறுத்துங்க!"

கூட்டம் ஈ கலைவதுபோல் கலைந்தது. பை வைத்திருந்த பெரியவர் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். யாரோ ஒருவன் தன் துண்டை அவள்மேல் போட்டு, "சாரிக்கா, தெரியாம நடந்துபோச்சு" என்றான். அத்தனை அடியிலும் வராத அழுகை அந்த "அக்கா"வில் வந்துவிட்டது.

அவளுக்கு மூன்று விலா எலும்பு முறிவு, புருவத்தில் எட்டுத் தையல். அவனுக்கு இடது கண் போய்விட்டது.

பன்னிரண்டாம் நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கேமராவில் தெரிந்த நான்கு பேரைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். ஹெல்மெட், பெல்ட், கரும்பு, டேப். இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் பேசினார்.

"ஏம்மா, நீங்களும் கொஞ்சம் பொம்பள மாதிரி டிரஸ் பண்ணியிருந்தா இந்த வம்பே இல்ல. சரி, போகட்டும். இவங்க வேணும்னு பண்ணல. உங்களைத் திருநங்கைன்னு நெனச்சுட்டாங்க. மன்னிப்பு கேக்கறாங்க, ஆஸ்பத்திரிச் செலவையும் பாத்துக்கறாங்க. தவறுதலா நடந்ததுன்னு ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா முடிச்சுடலாம்."

நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். பெல்ட்காரன் கண் கலங்கியிருந்தான். "நீங்க நெசமான லேடீஸ்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டோம்க்கா. எங்க வீட்லயும் அக்கா தங்கச்சி இருக்காங்க."

கிரேன் பேனாவை வாங்கினாள். மேஜைமேல் குனிந்தாள். குனிந்தபடியே கேட்டாள்.

"சார், இவங்க நெனச்சது சரியா இருந்திருந்தா?"

"என்னம்மா?"

"நான் திருநங்கையாவே இருந்திருந்தா. அப்ப இவங்க அடிச்சது சரியா? இவரு கண்ணு போனது பரவாயில்லையா?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "அது வேற விஷயம்மா. அதுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"வேற விஷயம்னுதான் சார் நானும் நெனச்சேன். ரெண்டு மாசம் முன்னாடி." பேனாவை மூடி வைத்தாள். "கையெழுத்து போட முடியாது. தவறுதலா நடந்ததுன்னு எழுதினா, ஆளை மாத்தி அடிச்சதுதான் தப்புன்னு ஆயிடும். அடிச்சதே தப்புன்னு எழுதுங்க, போடறேன்."

கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்த கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "போலாம் வாம்மா" என்றான்.

மைனாவைத் தேடிக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில், படுக்கை விரிப்பு துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தகரம் போட்ட அறை. வலது கை விரல்கள் கோணலாகச் சேர்ந்து போயிருந்தன. இடது கையாலேயே ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். கிரேனின் புருவத்துத் தையலைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஊரெல்லாம் அந்தப் பேச்சுத்தானே.

"நான் அன்னைக்கு எல்லாத்தையும் பாத்தேன்" என்றாள் கிரேன். "போலீஸ்ல சொல்லப்போறேன். நீயும் வந்து..."

மைனா அறைந்தாள். ஈரக் கை. தையல் போட்ட பக்கம். ரத்தம் கசிந்தது. கிரேன் அசையவில்லை.

"உனக்கு வலிச்சப்புறம்தான் என் வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா? 'அக்கா'ன்னேன். நாலடி தூரம். நட்டை முறுக்கிட்டிருந்தே."

"ஆமா."

"அந்தக் காகிதத்துல உன் கையெழுத்தையும் பாத்தேன். மத்தவங்க போட்டது எனக்கு வலிக்கல. அவங்களுக்கு என்ன தெரியும்? உன்னைத் தெருவுல நிறுத்தி ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டதை நானே என் காதால கேட்டிருக்கேன். உனக்குத் தெரியும். தெரிஞ்சும் போட்டே."

"ஆமா. போட்டேன்" என்றாள் கிரேன். "மன்னிப்பு கேக்க வரல. மன்னிக்க வேண்டாம். பாத்ததைச் சொல்றேன், அவ்வளவுதான். நீ வந்தாலும் வராட்டியும் சொல்லத்தான் போறேன்."

மைனா கொடியில் விரிப்பை உதறிப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள். பக்கத்தில் நிற்கவில்லை, பத்தடி தள்ளி நின்றாள்.

கிரேன் எழுதிக் கொடுத்தாள்: கால்கள் யாருடையவை, குரல் யாருடையது, எத்தனை அடி. கையெழுத்துப் போட்டது, பள்ளத்திலிருந்து எழாதது, மேனேஜரிடம் மழுப்பியது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எழுதினாள். "இதெல்லாம் எதுக்கும்மா, உங்களுக்கே எதிரா இருக்கு" என்றார் எழுத்தர். "இருக்கட்டும் சார்" என்றாள்.

அவள் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், சாப்பாட்டு வேளையில், பட்டறை காலியாக இருந்தபோது, டயர்காரர் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தார். கையில் டயர் நெம்புகிற இரும்பு லிவர்.

"என் பேரைக் குடுத்தியாமே. ஆம்பளைகிட்டயும் சேர்த்தியில்ல, பொம்பளைகிட்டயும் சேர்த்தியில்ல. இப்ப ஒன்பதுங்களோட சேர்ந்துட்டியா?"

அவள் ஏணியில் கை வைத்து ஏறினாள். லிவர் அவள் இடது கையில் இறங்கியது. இரண்டு விரல்கள் நசுங்கின. அவர் மறுபடியும் ஓங்கினார். இந்தத் தடவை அவள் வலது கை அவர் கணுக்காலைப் பிடித்தது. ஒரே இழுப்பு. தொண்ணூறு கிலோ மனிதர் வேர் அறுந்த மரம் சாய்வதுபோல் பள்ளத்துக்குள் விழுந்தார். எழுவதற்குள் அவள் அவர் நெஞ்சில் முழங்காலை வைத்துவிட்டாள். கைக்கு எட்டும் தூரத்தில் பெரிய ஸ்பேனர் கிடந்தது. அதை எடுத்தாள். கொல்லவேண்டும் என்றுதான் இருந்தது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. ஸ்பேனர் இறங்கியபோது அவர் தலையைத் திருப்பிக்கொண்டதால் தோள்பட்டை எலும்பு இரண்டாகப் போயிற்று. அவர் "அம்மா" என்று கதறினார். இருபது வருடமாக எல்லோரையும் நடுங்க வைத்தவர், மூக்கு ஒழுக, பேண்டு நனைய அழுதார். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஸ்பேனர் கனத்தது. போட்டுவிட்டு மேலே ஏறி, அலுவலகத்துக்குப் போய்த் தானே போன் பண்ணி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

அதற்காக அவளுக்கு ஒரு மாதம் சஸ்பென்ஷன், அவள்மேல் தனியாக ஒரு வழக்கு. டயர்காரருக்கும் மற்ற இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. ஒன்றரை வருடம் கழித்து மூன்று பேருக்கும் சிறைத்தண்டனை வந்தது. பஸ் நிலையத்து வழக்கு இன்னும் முடியவில்லை. அந்தப் பெரியவரை யாராலும் அடையாளம் காட்ட முடியவில்லை. நோட்டீஸைக் கிழித்துவிட்டு மைனாவைத் திரும்பக் கூப்பிட்டார் மேனேஜர். "உங்க பாத்ரூமும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம்" என்று மைனா லாட்ஜிலேயே இருந்துவிட்டாள். டெய்லர் ஒற்றைக் கண்ணால் ஊசி கோக்கப் பழக ஏழு மாதம் ஆயிற்று. "முன்னாடி ரெண்டு கண்ணுலயும் உன்னை முழுசாப் பாக்க முடியல, அவ்வளவு உயரம். இப்ப பாதிதான் தெரியுது, அளவா இருக்கே" என்பான் மனைவியிடம். அவள் அதற்குச் சிரிப்பாள். சில நாள் சிரிக்க முடியாது.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டுக்கு வெளியே பஸ்ஸுக்காக நின்றார்கள், கிரேனும் மைனாவும். இப்போது இடைவெளி இரண்டடிதான். பைக்கில் வந்த இரண்டு இளைஞர்கள் அவர்களைப் பார்த்து வேகம் குறைத்தார்கள். ஒருவனுக்கு யாரைக் கேலி செய்வதென்றே புரியவில்லை. இவளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"டேய், ரெண்டுல எதுடா ஒன்பது?"

பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையிலிருந்த பாட்டிலை வீசினான். அது நிழற்குடைத் தூணில் பட்டு உடைந்து, சில்லு ஒன்று மைனாவின் கன்னத்தைக் கீறியது. கிரேன் ரோட்டில் இறங்கி அவர்களை நோக்கி நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். பைக் உறுமியது, ஒரு தடவை அணைந்தது, மறுபடியும் உறுமி, சிக்னலைக்கூடப் பார்க்காமல் பறந்தது.

திரும்பி வந்தவளிடம் மைனா கன்னத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "பதில் தெரிஞ்சுக்காமலே ஓடறான் பாரு" என்றாள்.

"உனக்குத் தெரியுமா பதில்?"

"தெரியாம என்ன? ரெண்டும் மனுஷங்கதான். அவனையும் சேத்தா மூணு" என்றாள் மைனா. பஸ் வந்தது. ஏறினார்கள்.